பத்து செண்டுக் காடு

ராக்கன் கொட்டாவி விட்டதைத்தான் ஊர் மன்னிக்கவில்லை.

சாமி வராததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். போன வருஷமும் வரவில்லை. உறுமி சரியில்லை என்று பழியை மேளக்காரர்கள் தலையில் போட்டுச் சமாளித்தார்கள். இந்த வருஷம் விராலிமலைப் பக்கமிருந்து வேறு செட்டு வந்தது. வீரைக்காட்டு ஐயனார் முன்னால், வைகாசி வெயிலில், கை வீங்கும்வரை அடித்தார்கள். நடுவில் சாமியாடி ராக்கன் மாலையும் கழுத்துமாகக் கண்ணை மூடி நின்றார். உறுமி முதல் இழுப்பு இழுத்ததுமே அவருக்கு முழங்கால் ஆடத் தொடங்கும், அப்புறம் தோள், அப்புறம் ஊரே எட்டி நிற்கும்படி ஒரு கூச்சல். அன்றைக்கு எல்லாரும் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வெறும் முழங்காலாகவே இருந்தது. ஒரு வழியாக வாய் திறந்தது. சாமி பேசப்போகிறது என்று பெண்கள் குலவை போட்டார்கள். வந்தது கொட்டாவி. அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீசில் விடுவார்களே, கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ள, அந்த மாதிரி.

குலவை பாதியில் நின்றது.

"அண்ணே," என்றான் பங்காளி இருளாண்டி, எல்லாருக்கும் கேட்கும்படி. "வந்தது சாமியா, தூக்கமா?"

ராக்கன் மாலையைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அதைவிட மோசம், சரியாகப் பேசவில்லை. குழம்பில் புளி தூக்கல் என்றும், பஸ்காரன் திமிர் என்றும், மழை ராமநாதபுரத்துக்குப் போய்விட்டது என்றும் விடிந்ததிலிருந்து அடங்கும்வரை ஏதாவது ஒரு குறை சொல்லிக்கொண்டே இருக்கிற மனிதர் அவர். வாய் அடங்கியதும் வீடு காலியானதுபோல் ஆகிவிட்டது. அவர் மனைவி சொர்ணவல்லிக்கு அதுதான் பயம்.

ஐயனாரின் கோயில்காடும் சரியில்லை. அந்த ஊர் திருமயத்துக்கு மேற்கே செம்பாறைக் காட்டில் இருக்கிறது. சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை தைலமரம். நடுவில் இந்தக் கோயில்காடு மட்டும் வீரையும் காசானும் காரையுமாகக் கறுத்து நிற்கும். சித்திரையில் காசான் நீலமாகப் பூத்தால் கிளைக்குக் கிளை தேனீ மொய்க்கும். ரெண்டு வருஷமாகப் பூக்கவில்லை. பட்டுப்போகவும் இல்லை. பச்சையாகவே நின்றது, ஜவுளிக்கடை வாசலில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் செடி மாதிரி. உள்ளே போனால் ஒரு பறவைச் சத்தம் கிடையாது. மண் குதிரைகள் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்தால் எஜமான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட வீட்டு வேலைக்காரர்கள் ஞாபகம்தான் வரும்.

இதற்கெல்லாம் காரணம் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஒரு போட்டோ.

ராக்கனின் மகள் கார்த்திகா தாவரவியல் முடித்துவிட்டுப் புதுக்கோட்டையில் 'பசுஞ்சுவாசம்' என்ற அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அதன் இயக்குநர் அரவிந்த்குமார் சென்னைக்காரர். 'மரம்' என்று சொல்ல மாட்டார். 'உயிர்ப்பன்மயக் கட்டமைப்பு' என்பார். நிழலில் நின்றால் 'வெப்பத் தணிப்பு' என்பார். டவுனில் குப்பை கொட்டிக் கொட்டி மேடாகிப்போன பத்து செண்டில் குறுங்காடு வளர்ப்பது அவர் திட்டம். செடி வைப்பதற்கு முன்பே போர்டு வைத்தாயிற்று: 'நிலைத்த நகரங்களுக்கான இயற்கைசார் தீர்வு'. வெயில், வெள்ளம், புகை, கொசு, மன உளைச்சல் என்று நகரத்துக்கு வந்த அத்தனை சீக்குக்கும் அந்தப் பத்து செண்டு மருந்தாகும் என்று போர்டு சொன்னது. சர்க்கரை வியாதி மட்டும் விட்டுப்போயிருந்தது.

குப்பைமேட்டு மண் செத்த மண். பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல் அதில் பழைய காட்டு மண்ணைக் கலந்தால்தான் உயிர் பிடிக்கும். "எங்க ஊருக் கோயில்காட்டுல இருக்கு சார்" என்று கார்த்திகா சொல்லிவிட்டாள்.

கோயில்காட்டிலிருந்து சுள்ளி பொறுக்கக்கூட யாருக்கும் உரிமையில்லை. மண் அள்ள வந்த ஆட்களின் தலைமுடியில் ஒட்டிய சருகைக்கூட ராக்கன் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டுவிட்டுத்தான் அவர்களை வெளியே விட்டார். மண்ணைப் பற்றிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. டிப்பர் லாரி வரும் என்று முன்னோர்கள் எதிர்பார்க்கவில்லை. அரவிந்த்குமார் ராக்கனுக்குச் சால்வை போர்த்தி, 'சமூகப் பங்குதாரர்' என்று பட்டமும் கொடுத்தார். ராக்கனுக்கு அர்த்தம் புரியவில்லை, பெருமை புரிந்தது. முதல் பிடி மண்ணை அவர் கையால் அள்ளித் தரச் சொல்லிப் படம் எடுத்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு தடவை அள்ளச் சொன்னார்கள். கேமராவைப் பார்க்கிறார் என்று இன்னும் ஒரு தடவை. பிறகு இலை மக்கிக் கறுத்த மண் ரெண்டு டிப்பர் நிறைய டவுனுக்குப் போயிற்று.

கொட்டாவிக்கு அடுத்த வாரம் பம்புசெட்டுக் கடலை பிடுங்கினார்கள். வேப்பமரத்தடியில் கொடியைக் குவித்துப்போட்டு, புருசனும் பெண்டாட்டியும் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சொர்ணவல்லி தூக்குவாளியைத் திறந்து கூழை நீட்டினாள்.

"ஒரு வா குடிங்க."

"வேணாம்."

"சாமிதான் வரல. பசியுமா வரல?"

"ஒனக்கு நக்கலா இருக்கு."

"நக்கல் என்னங்க நக்கல். சாமி வந்து எறங்குன மறுநாளெல்லாம் எந்திரிக்க மாட்டீங்க. நாந்தான் கால அமுக்கிவிட்டுச் செத்தேன். இனிமே இருளாண்டி ஆடட்டும். அவன் பொண்டாட்டி அமுக்கட்டும்."

ராக்கன் கொடியை உதறினார். செம்மண் பறந்தது.

"சொர்ணம், ஒண்ணு சொல்றேன். திட்டப்புடாது."

"திட்டுற மாரி இருந்தாத் திட்டுவேன்."

"அன்னைக்கு மண்ணள்ளிப் படம் புடிச்சாங்கள்ல. அப்ப வாயில வந்துருச்சு."

"என்ன வந்துச்சு?"

"'ஐயா, எந்திரிச்சு வாங்க. போற எடத்துல குடியிருங்க.'"

சொர்ணவல்லியின் கை நின்றது. அது பிடிமண் எடுக்கும்போது சொல்கிற வார்த்தை. பிழைக்கப்போன ஊரில் கோயில் கட்டுகிறவர்கள் தாய்க்கோயிலில் ஒரு பிடி மண் வாங்கிப்போவார்கள். சாமியாடி அள்ளி, அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தால் மண்ணோடு சாமியும் போகும். ராக்கனே நாலைந்து ஊருக்கு அப்படிக் கொடுத்திருக்கிறார்.

"அப்பவெல்லாம் சாமி இங்கயுந்தான இருந்துச்சு?" என்றாள்.

"அது ஒரு பிடி. ஒரு பிடி குடுத்தா அங்கிட்டும் இருப்பாரு, இங்கிட்டும் இருப்பாரு. இது ரெண்டு டிப்பரு."

"அய்யய்யோ."

"அதுவும் மூணு தடவ. அந்தப் படம் புடிக்கிறவன் இன்னொருக்கா இன்னொருக்கான்னான். மண்ணுல கை வச்சா வாயி தன்னால சொல்லுது, நான் என்ன செய்ய?"

சொர்ணவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. "மூணு தடவ வருந்திக் கூப்பிட்டா நானே கெளம்பியிருப்பேன். இங்கிட்டு என்ன இருக்கு அவருக்கு? சுத்தித் தைலமரம். கெணத்துத் தண்ணி கடலைக்கே காணாது. ஊருல பாதிப் பேரு சிங்கப்பூரு, துபாயி. அவரு ஒருத்தரு மட்டும் ஒக்காந்து ரேசன் அரிசி வாங்கணுமா?"

"கூட்டியாரணும் சொர்ணம்."

"கூட்டியாங்க. யாரு வேணான்னா? போயி ஒரு பிடி அள்ளிட்டு வாங்க. எனக்குச் சாமி வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நீங்க பழையபடி புளி தூக்கல், உப்புக் கம்மின்னு கத்திக்கிட்டு இந்த வீட்டுல கெடக்கணும். எனக்கு வேண்டியது அம்புட்டுத்தான்."

அடுத்த வெள்ளிக்கிழமை டவுன் பஸ்ஸில் போனார்கள்.

குறுங்காட்டைச் சொர்ணவல்லி அன்றுதான் முதலில் பார்த்தாள். ஒரு பக்கம் ஆட்டோ ஸ்டாண்டு, மறுபக்கம் கல்யாண மண்டபத்தின் பின்சுவர், மற்ற ரெண்டு பக்கமும் தெரு. நாலு பக்கமும் கம்பிவலை, ஒரே ஒரு கேட்டு. சுற்றிவரப் பீடி பற்றவைத்து அணைக்கிற நேரம்கூட ஆகாது. ஆனால் உள்ளே ரெண்டடிக்கு மேல் பார்வை போகவில்லை. நட்டது என்னவோ புங்கையும் நாவலும்தான். நடாத வீரையும் காசானும் தாமாக வந்து, ஆள் உயரத்தைத் தாண்டி, நட்டதை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றன. வீரை அப்படி வளராது என்று கார்த்திகா சொல்லிப்பார்த்தாள். அரவிந்த்குமார் அதற்குத் 'தன்னிச்சை மீளுருவாக்கம்' என்று பெயர் வைத்து வெளியூர்க் கூட்டங்களில் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். காசான் உச்சிமுதல் அடிவரை நீலமாகப் பூத்திருந்தது. அதன் பருவம் முடிந்து மாதமாகிவிட்டது.

ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் ஒதுங்குவதில்லை. கேட்டைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். "ஏன்ப்பா?" என்று சொர்ணவல்லி ஒருவனைக் கேட்டாள். அவன் தன் கையிலிருந்த செருப்பைப் பார்த்தான். "தெரியலைங்க. எல்லாரும் கழட்டுறாங்க" என்றான்.

வலையோரமாக நின்றால் சில்லென்று காற்று வந்தது. விட்டுவிட்டு வந்தது. உள்ளே போவதும் வெளியே வருவதுமாக.

கேட்டைத் திறந்துவிடக் கார்த்திகா வந்திருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு அரவிந்த்குமாரும் வந்துவிட்டார். "ரொம்ப சந்தோஷம்மா. இதைத்தான் நாங்க பண்பாட்டுச் சேவைப் பயன்னு சொல்றோம். ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாமா?"

"போன தடவ நீங்க எடுத்த படமே போதும் சார்" என்றாள் சொர்ணவல்லி.

பிடிமண் கொண்டுவருகிறவர் அதைக் குடியமர்த்தும்வரை வாய் திறக்கக் கூடாது. அதனால் ராக்கன் மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும்; அழைக்கிற வார்த்தையை மனசுக்குள் சொன்னால் போதும். சொர்ணவல்லியே பின்னால் நின்று ரெண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டினாள். உச்சிப்பொழுது. ராக்கன் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். ரெண்டு எட்டு வைத்ததும் வேட்டியின் வெள்ளை மறைந்தது.

காத்திருந்தார்கள். ஒரு பிடி மண் அள்ள எவ்வளவு நேரமாகும்? பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொர்ணவல்லி குரல் கொடுத்தாள்.

"என்னங்க! கெடச்சுச்சா?"

"கெடச்சிரும், இரு" என்று ராக்கன் குரல் வந்தது.

"பாம்பு கீம்பு கெடக்கும், பாத்து."

"நான் பாக்காத பாம்பா? பெருசா சொல்ல வந்துட்டா."

அவள் மகளைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்த மனிதர் இப்படிப் பேசுகிறார்! "வெயிலு மண்டையப் பொளக்குதுங்க. வெரசா வாங்க."

"இங்க வெயிலே இல்ல சொர்ணம்."

குரல் தள்ளிப் போயிருந்தது. அரவிந்த்குமார் விளக்கம் சொன்னார். "அடர்ந்த தாவரத் தொகுதி ஒலியத் தணிக்கும்மா. நகர இரைச்சலுக்கு இதுவும் ஒரு தீர்வு."

"எங்கிட்டு இருக்கீங்க?"

"தெரியல. போயிக்கிட்டே இருக்கு."

இது கண்மாயின் அக்கரையிலிருந்து வருவதுபோல் வந்தது. அரவிந்த்குமார் காட்டின் இந்த மூலையைப் பார்த்தார்; தலையைத் திருப்பி அந்த மூலையைப் பார்த்தார். அதற்கு அவர் நகரக்கூட வேண்டியிருக்கவில்லை.

"என்னங்க!"

வெகுதூரத்தில், காற்றில் அடிபட்டு, ஏதோ வந்தது. சொல் புரியவில்லை. குரல் மட்டும் அவருடையது.

சொர்ணவல்லி கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே காலை வைக்கப்போனாள். அப்போது பக்கத்துப் புதர் விலகியது. கைக்கெட்டும் தூரத்திலிருந்து ராக்கன் வெளியே வந்தார். வலது கை மூடியிருந்தது. முழங்கால்வரை ஈரச்சேறு. அந்த வட்டாரத்தில் மழை பெய்து ரெண்டு மாதம் ஆகியிருந்தது.

"பக்கத்துலயே நின்னுக்கிட்டா இந்த வெளையாட்டு? எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. 'போயிக்கிட்டே இருக்கு'ன்னா என்னங்க அர்த்தம்?"

"அம்மா," என்றாள் கார்த்திகா. "அப்பா வாயப் பாரும்மா."

மஞ்சள் துணி இறுகக் கட்டியபடியே இருந்தது. சொர்ணவல்லி பின்னால் போய்ப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சுதான், ரெண்டும்.

"எதிரொலியா இருக்கும்" என்றார் அரவிந்த்குமார் மெதுவாக.

"எதிரொலி பதில் சொல்லுமா சார்?" என்று கேட்டாள் கார்த்திகா.

ராக்கன் பஸ் வரும் திசையைக் கையால் காட்டினார்.

ஊரில் இறங்கி, கோயில்காட்டுக்குப் போய், மண்ணை வீரையடியில் வைத்தார். எங்கிருந்தோ ஒரு செம்போத்து கூப்பிட்டது. ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் காட்டில் கேட்ட முதல் பறவைச் சத்தம் அது. சொர்ணவல்லி முடிச்சை அவிழ்த்தாள். "ம், இப்பப் பேசுங்க."

ராக்கன் வாயைத் திறந்தார். காற்று வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

திருச்சி வரை போய்க் காட்டினார்கள். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஏன் பேசவில்லை என்று அவரையே கேட்டார்.

ஆனியில் ஊர் மறுபடி மேளம் வைத்தது. உறுமி முதல் இழுப்பு இழுத்ததும் ராக்கன் ஆடினார். அப்படி ஓர் ஆட்டத்தை ஊர் பார்த்ததில்லை. நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை. வாய் அகலத் திறந்தது, சத்தமில்லாமல். பேசாத சாமியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஊர் ஒரு நிமிஷம்தான் திகைத்தது. இருளாண்டி முன்னால் வந்து அர்த்தம் சொல்ல ஆரம்பித்தான். சாமி வலது கையை ஆட்டினால் மழை உண்டு. இடது கையை ஆட்டினால் கண்மாய் மீன் குத்தகை இருளாண்டி வகையறாவுக்கு. முன்பு பேசிய சாமி ஆள் ஆளாகத் திட்டும். பெயரைச் சொல்லியே திட்டும். ஊருக்கு இது எவ்வளவோ வசதியாக இருந்தது. கோயில்காட்டில் பறவைகள் வந்துவிட்டன. ஆனி கடைசியில் காசான்கூடப் பூத்தது.

ராக்கன் நன்றாகச் சாப்பிட்டார். போட்டதைச் சாப்பிட்டார். காலையில் எழுந்து ஆட்டை அவிழ்த்தார், வரப்பு வெட்டினார், எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் பெண்கள் சொர்ணவல்லியைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அவள் ஒருநாள் குழம்பில் வேண்டுமென்றே ஒரு குத்துப் புளியைக் கரைத்து ஊற்றினாள். அவர் வழித்துச் சாப்பிட்டார். சொர்ணவல்லி கொல்லைப்பக்கம் போய் அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, மகளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி டவுனுக்குப் போனாள். மகளிடம் போகவில்லை. உச்சிப்பொழுதில் குறுங்காட்டு வலையோரம் உட்கார்ந்தாள். ஆட்டோக்காரர்கள் தள்ளிப்போய் நின்றுகொண்டார்கள். உள்ளிருந்து சில்லென்று ஒரு மூச்சு வந்து போயிற்று.

"இருக்கீங்களா?" என்றாள்.

"வா சொர்ணம்" என்றது குரல், வலைக்கு அந்தப் பக்கம், வெகு பக்கத்தில். "இம்புட்டு நாளா எங்க போன? ஒரு மனுசன் உள்ள போனானே, என்ன ஆனான்னு பாக்க ஒரு நாதியில்ல."

அவள் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்லிவிட்டாள். "சாமி, நீ எங்கிட்டு வேணும்னாலும் இரு. அவரு கொரல மட்டும் திருப்பிக் குடுத்துரு. அவரு பேசாம எனக்கு வீட்டுல இருக்க முடியல."

"சாமியா? கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? நாந்தான்டி. மண்ண அள்ளிட்டுத் திரும்புனேன், வந்த வழியக் காணோம். அன்னையிலருந்து நடந்துக்கிட்டே கெடக்கேன். இருட்டவும் மாட்டேங்குது, விடியவும் மாட்டேங்குது. ஒரு டீ குடிக்க வழியில்ல."

சொர்ணவல்லி வலையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் அன்னைக்கே வந்துட்டீங்களே. வீட்டுல இருக்கீங்களே."

உள்ளே இலை எதுவும் அசையவில்லை.

"வீட்டுலயா?" என்றது குரல். "வீட்டுல யாரு இருக்கா?"

அவள் எப்படி எழுந்தாள், எந்த பஸ் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. ஊரில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக் கூரையில் புகை தெரிந்தது. அடுப்பு எரிந்தது. சோறு வடித்து வைத்திருந்தது. கத்திரிக்காய்க் குழம்பு இறக்கி மூடியிருந்தது. ராக்கன் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர் அவர்.

அவளைப் பார்த்ததும் எழுந்து, தட்டைக் கழுவி, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவள் சாப்பிடுவதற்காகக் காத்திருந்தார்.

சொர்ணவல்லி வாசலைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

உப்பு சரியாக இருந்தது.